ஆங்கிலத்தில் யோசிப்பவர்களுக்கு பிரெஞ்சில் ‘பிடிக்கும்’ சொல்லித்தருவது எப்படி?

வகுப்பறை_வாணி:

வணக்கம் நண்பர்களே. பெரியவர்களுக்கு ஆரம்பநிலை பிரெஞ்சு சொல்லித்தருகிறேன். வருகிற எல்லாரும் ஆங்கிலத்திலேயே படித்து, ஆங்கிலத்திலேயே யோசித்துப் பழகியவர்கள். பெயர், எண், மணி, கிழமை வரை பாடம் தடையில்லாமல் போகிறது. ‘இது பிடிக்கும், அதைவிட இது மேல்’ என்று சொல்ல வேண்டிய பாடம் வந்ததும் வகுப்பு அப்படியே நின்றுவிடுகிறது.

இத்தனைக்கும் வினைச்சொற்கள் நாலைந்துதான். ‘எமே’ என்றால் பிடிப்பது, ‘அதோரே’ ரொம்பப் பிடிப்பது, ‘தெதெஸ்தே’ அறவே பிடிக்காதது, ‘ப்ரெஃபெரே’ ஒன்றைவிட இன்னொன்றை விரும்புவது. ஒரே நாளில் மனப்பாடம் ஆகிவிடும். வாக்கியமாகச் சொல்லும்போது ‘ஜெம் கஃபே’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் காபிக்கு முன்னால் எதுவும் வராது, இங்கேயும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ‘ஜெம் ல கஃபே’ என்று திருத்துகிறேன். அடுத்த பாடத்தில், காபி வேண்டும் என்று கேட்கும் இடத்தில் ‘ஜ வூத்ரே ல கஃபே’ என்று வந்து நிற்கிறது!

தெல்ஃப் என்கிற பிரெஞ்சு மொழித் தகுதித் தேர்வில், ஏ1 எனப்படும் ஆரம்பநிலை வாய்மொழித் தேர்வின் முதல் பகுதியிலேயே தன்னைப் பற்றி, குடும்பத்தைப் பற்றி, ரசனையைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். அதனால் இந்தப் பாடத்தைத் தள்ளிப்போடவும் முடியாது. நீங்கள் எதை முதலில் சொல்லித்தருவீர்கள், எதைப் பிறகு வைப்பீர்கள்?

ஒரு வேண்டுகோள். பிரெஞ்சு தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில், ஒலிப்படி எழுதுவோம். ஒலி முழுதாக வராது, பரவாயில்லை.

நெடுஞ்சாலை:

வினைச்சொல் பட்டியலை ஓரம் வைத்துவிடுங்கள் வாணி. சிக்கல் வினையில் இல்லை, வினைக்குப் பின்னால் வருவதில் இருக்கிறது.

நான் ஒரே கேள்வி கேட்கச் சொல்வேன்: முழு வகையைப் பற்றிப் பேசுகிறாயா, ஓர் அளவைப் பற்றிப் பேசுகிறாயா? காபி என்கிற பானமே பிடிக்கும் என்றால் முழு வகை: ‘ஜெம் ல கஃபே’. இப்போது கொஞ்சம் குடிக்கிறேன் என்றால் அளவு: ‘ஜ ப்வா த்யூ கஃபே’. பிடிக்கும், பிடிக்காது, வெறுக்கிறேன், இதையே விரும்புகிறேன் என்று சொல்லும்போதெல்லாம் நாம் பெரும்பாலும் வகையைத்தான் தீர்ப்பு சொல்கிறோம். ஆகவே ‘ல’ (ஆண்பால்), ‘லா’ (பெண்பால்), ‘லே’ (பன்மை) மூன்றில் ஒன்று. குடிப்பது, சாப்பிடுவது, வாங்குவது, கேட்பது எல்லாம் அளவு. ஆகவே ‘த்யூ’, ‘த லா’, ‘தே’. இல்லாவிட்டால் ‘ஒரு கோப்பை’ என்கிற அர்த்தத்தில் ‘அன் கஃபே’.

எதிர்மறையில்தான் இது உறுதிப்படும். ‘ஜ ன ப்வா பா த கஃபே’, நான் காபி குடிப்பதில்லை. இங்கே ‘த்யூ’ கரைந்து வெறும் ‘த’ ஆகிவிட்டது. ஆனால் ‘ஜ நெம் பா ல கஃபே’, எனக்குக் காபி பிடிக்காது. ‘ல’ அசையவே இல்லை. பிடிக்காது என்றாலும் அந்த முழு வகையும் அப்படியே இருக்கிறதே! இந்த இரண்டு வாக்கியத்தையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடுங்கள். ஆர்ட்டிகிள், அதாவது பெயருக்கு முன்னால் வரும் ‘ல’, ‘த்யூ’ மாதிரிச் சொற்கள், அந்தப் பாடத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

இலக்கணப்பிரியை:

நெடுஞ்சாலை சொல்வதை முழுக்க ஏற்கிறேன். ஒருமை, பன்மையையும் அதே நாளில் சொல்லிவிடுங்கள் வாணி. எண்ணக்கூடிய பொருள் என்றால் பன்மை: ஆப்பிள் பிடிக்கும் என்பதற்கு ‘ஜெம் லே பொம்’. எண்ண முடியாததற்கு ஒருமை.

உயிரினங்களில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ‘ஜெம் ல பூலே’ என்றால் கோழிக்கறி பிடிக்கும். ‘ஜெம் லே பூலே’ என்றால் கோழிகளைப் பிடிக்கும், அந்த உயிர்கள் மேல் பிரியம். கறி எண்ணிக்கை இல்லாத பொருள், கோழி ஒவ்வொன்றாக எண்ணக்கூடியது. நாய் பிடிக்கும் என்று சொல்ல வருகிறவர் ‘ஜெம் லே ஷியான்’ என்று பன்மையில்தான் சொல்ல வேண்டும். ஒருமையில் சொன்னால், ஏதோ ஒரு குறிப்பிட்ட நாய் என்றோ நாய்க்கறி என்றோதான் எதிரே இருப்பவருக்குத் தோன்றும்.

இரண்டுக்கும் நடுவில் உள்ளது ‘ல’ ‘லே’ என்ற ஓர் உயிரொலி மட்டும். சொல் முடிவில் வருகிற பன்மை ‘ஸ்’ எழுத்தில் இருக்கும், வாயில் வராது. அதனால் காதுப் பயிற்சி இல்லாமல் இந்த இடத்தைத் தாண்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

புது_மாணவன்:

நான் கற்றுக்கொள்பவன், இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ‘ஜெம் பியான்’ என்று ஒன்று அடிக்கடி காதில் விழுகிறது. ‘பியான்’ என்றால் நன்றாக. அப்படியானால் ‘ஜெம் பியான்’ என்பது ‘ஜெம்’ என்பதைவிட அதிகப் பிரியமா?

லியோன்_வாசி:

தம்பி, நல்ல கேள்வி. நேர்மாறு!

பிரெஞ்சுக்காரர்களோடு தினமும் வேலை செய்கிறேன், இது காதில் விழாத நாளே இல்லை. ‘ஜெம் பியான்’ என்றால் பிடிக்கும், பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்ற மட்டம். வெறும் ‘ஜெம்’ அதைவிடக் கொஞ்சம் கனமானது. அதற்கு மேலே ‘ஜெம் போகூ’. உச்சத்தில் ‘ஜதோர்’.

பொருள்களுக்கு இது சின்ன வித்தியாசம்தான். ஆட்களுக்கு வரும்போது பெரிய வித்தியாசம். ‘ஜ தெம்’ என்றால் உன்னைக் காதலிக்கிறேன், அல்லது பெற்றவர்கள் பிள்ளைகளிடம் சொல்கிற அந்த ஆழமான அன்பு. ‘ஜ தெம் பியான்’ என்றால் உன்னை எனக்குப் பிடிக்கும், நீ நல்ல ஆள், அவ்வளவே. உடன் வேலை செய்கிறவரைப் பற்றி இன்னொருவரிடம் பேசும்போது ‘ஜ லெம் பியான்’ என்றுதான் வர வேண்டும். அந்த ‘பியான்’ விட்டுப்போனால் வாக்கியம் வேறு எங்கேயோ போய்விடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி வினைச்சொல் இருக்கிறது. பிரெஞ்சில் வினை ஒன்றுதான், அளவை ஏற்றி இறக்குவது பக்கத்தில் நிற்கிற சின்னச் சொல்.

வாணி அக்கா, ‘ஜெம் பியான்’ என்பதை முதல் நாளே கொடுத்துவிடுங்கள் என்பேன். பிரெஞ்சுக்காரர்கள் வாயில் அதிகம் வருவது அதுதான்.

இலக்கணப்பிரியை:

இதில் எனக்கு உடன்பாடு இல்லை லியோன்_வாசி. வெறும் ‘எமே’ மனதில் படியும் முன்பே ‘பியான்’ சேர்த்துக் கொடுத்தால், அது வினையின் ஒரு பகுதி என்று நினைத்து எல்லா இடத்திலும் ஒட்டிவிடுவார்கள். ‘ஜ நெம் பா பியான்’ என்று கேட்டிருக்கிறேன். பிரெஞ்சில் அப்படிச் சொல்வதில்லை. அவ்வளவாகப் பிடிக்காது என்றால் ‘ஜ நெம் பா த்ரோ’ அல்லது ‘பா தெல்மான்’. சுத்தமாகப் பிடிக்காது என்றால் ‘பா த்யூ தூ’. முதலில் நாலு வினை, ஆர்ட்டிகிள், எதிர்மறை. அதற்குப் பிறகு அளவுச் சொற்கள்.

லியோன்_வாசி:

புரிகிறது. வகுப்பறைக்குள் உங்கள் வரிசை சரி. ஆனால் ஆட்களைப் பற்றிப் பேசுவது முதல் வாரத்திலேயே வந்துவிடும். ‘உன் ஆசிரியரைப் பிடிக்குமா?’ என்று யாராவது கேட்டால் மாணவர் என்ன சொல்வார்? குறைந்தது ஆட்களுக்கு மட்டுமாவது ‘பியான்’ சேர்த்தே பழக்குங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘அது எனக்குப் பிடிக்கும்’ என்று பதில் சொல்லும்போது ‘அது’வைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தில் காபி பிடிக்குமா என்றால் ‘வி, ஜ லெம்’ என்கிறார்கள். கேட்பவருக்கு யாரோ ஓர் ஆளைப் பற்றிச் சொல்வது போல இருக்கும். பொதுவாக ஒரு பொருள் என்றால் ‘வி, ஜெம் பியான்’ என்று அப்படியே நிறுத்திவிடலாம், செயப்படுபொருளே வேண்டாம். அல்லது ‘ஜெம் ஸா’. தமிழில் ‘காபி பிடிக்குமா?’ ‘ம், பிடிக்கும்’ என்று முடிப்பதில்லையா, அதே மாதிரி.

வகுப்பறை_வாணி:

இந்தக் கடைசிக் குறிப்புக்கு நன்றி, நான் தனியாகச் சொல்லித்தருவதே இல்லை. நாளைக்கே சேர்க்கிறேன்.

ஒப்பிடும் வாக்கியத்துக்கு வருவோமா? ‘ப்ரெஃபெரே’ வந்தால் ‘விட’ என்பதற்கு எல்லாரும் ‘க’ போடுகிறார்கள். ‘ஜ ப்ரெஃபேர் ல தே க ல கஃபே’.

நெடுஞ்சாலை:

அங்கே ‘க’ வராது, ‘ஆ’ வர வேண்டும். ‘ஆ’வும் ‘ல’வும் சேர்ந்து ‘ஒ’ ஆகிவிடும்: ‘ஜ ப்ரெஃபேர் ல தே ஒ கஃபே’. காபியைவிடத் தேநீர் எனக்கு மேல். பன்மையாக இருந்தாலும் ‘ஆ’வும் ‘லே’வும் சேர்ந்து அதே ‘ஒ’ ஒலிதான், எழுத்து மட்டும் மாறும். பெண்பாலுக்கு மாற்றமே இல்லை, ‘ஆ லா’.

‘க’ எங்கே வரும் என்றால் ‘எமே மியோ’ என்று சொல்லும்போது. ‘ஜெம் மியோ ல தே க ல கஃபே’. ‘மியோ’ என்பது ஒப்பீட்டுச் சொல், அதனால் பின்னால் ‘க’ வருகிறது. ‘ப்ரெஃபெரே’ என்கிற வினைக்குள்ளேயே ஒப்பீடு இருக்கிறது. அதனால்தான் ‘ப்ளூ’ என்று இன்னொரு ‘அதிகம்’ சேர்ப்பதும் சரியில்லை. பொருள் ஒன்றுதான், கட்டுமானம் இரண்டு. ஒன்றின் வாலை இன்னொன்றில் ஒட்டக் கூடாது.

பிரெஞ்சுக்காரர்களே பேச்சில் ‘ப்ரெஃபேர்... க’ என்று சொல்வது காதில் விழும். எழுத்தில் தவறு என்று திருத்துவார்கள். மாணவர்கள் ‘ஆ’வைப் பழகட்டும்.

புது_மாணவன்:

இரண்டு செயல்களை ஒப்பிட்டால்? பேருந்தில் போவதைவிட நடப்பது பிடிக்கும் என்று சொல்ல வேண்டும் என்றால் அங்கேயும் ‘ஆ’தானா?

இலக்கணப்பிரியை:

இல்லை. வினைக்கும் வினைக்கும் நடுவில் ‘ப்ளூதோ க த’ போடுங்கள்: ‘ஜ ப்ரெஃபேர் மார்ஷே ப்ளூதோ க த ப்ராந்த்ர் ல பூஸ்’. அந்தக் கடைசி ‘த’ இல்லாமலும் சொல்லலாம், இரண்டும் சரி.

கவனிக்க வேண்டியது, ‘ப்ரெஃபேர்’ என்பதற்கும் ‘மார்ஷே’ என்பதற்கும் நடுவில் ஒன்றுமே வராது. ஆங்கிலத்தில் இரண்டு வினைக்கு நடுவே ஒரு சின்னச் சொல் வரும். அதை மொழிபெயர்த்து ‘ஆ’ அல்லது ‘த’ செருகிவிடுவார்கள். ‘எமே’, ‘அதோரே’, ‘தெதெஸ்தே’, ‘ப்ரெஃபெரே’ நான்குக்கும் பின்னால் அடுத்த வினை நேராக வரட்டும்.

எதிர்மறையில் இன்னொன்று. வெளியே போகாமல் இருப்பதே மேல் என்றால் ‘ஜ ப்ரெஃபேர் ன பா சொர்தீர்’. ‘ன பா’ இரண்டும் ஜோடியாக வினைக்கு முன்னால் வந்துவிடும். பிரெஞ்சில் ‘ன’ ஒரு பக்கம், ‘பா’ ஒரு பக்கம் என்று பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். மரியாதையாக மறுக்க இதைவிட நல்ல வாக்கியம் இல்லை, அதனால் சீக்கிரமே சொல்லிக்கொடுங்கள்.

மாலைத்தென்றல்:

ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் ‘எமே’யிலும் ‘ப்ரெஃபெரே’யிலும் நிற்கிறீர்கள், ‘ப்ளேர்’ என்கிற வினையை யாருமே தொடவில்லை.

‘ஸா ம ப்ளே’. அது எனக்குப் பிடிக்கிறது. இங்கே எழுவாய் பிடித்த பொருள், பிடித்த ஆள் ‘எனக்கு’ என்ற நான்காம் வேற்றுமையில். ‘இந்த வீடு எனக்குப் பிடித்திருக்கிறது’ என்ற நம் வாக்கியத்தின் அமைப்பு அப்படியே! ‘செத் மெஸோன் ம ப்ளே’. ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் ‘நான்’ என்று ஆரம்பித்தே பழகியதால் இதைத் தலைகீழ் என்று நினைத்துத் தள்ளிவைக்கிறார்கள். தமிழ் தெரிந்தவர்களாவது ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வராமல் நேரே தமிழிலிருந்து இதற்குள் போகலாம்.

பிடித்த பொருள் பலவாக இருந்தால் அதைப் பார்த்து வினை மாறும். ‘ஸே ஷோஸ்யூர் ம ப்ளேஸ்’, இந்தக் காலணிகள் எனக்குப் பிடித்திருக்கின்றன. நான் ஒருத்திதான் என்றாலும் வினை பன்மையில் இருக்கிறது. பார்த்து முடித்த படத்தைப் பற்றி என்றால் ‘ஸா மா ப்ளூ’. ‘எமே’யை வைத்தும் சொல்லலாம், ‘ஜே பியான் எமே’. ஒருமுறை பார்த்து முடித்ததற்கு ‘ஜெமே’ என்ற பழக்கத்தைக் காட்டும் இறந்தகாலம் பொருந்தாது. அது ‘முன்பெல்லாம் பிடிக்கும்’ என்றாகிவிடும்.

ஒன்றைப் பார்த்தவுடன், கண்முன் இருக்கும்போது ‘ப்ளேர்’ இயல்பாக வரும். ரொம்ப நாளாக இருக்கிற ரசனைக்கு ‘எமே’ வரும். கோடு போட்டுப் பிரித்துவிட முடியாது, ஆனால் இந்தச் சாய்வு இருக்கிறது.

வகுப்பறை_வாணி:

மாலைத்தென்றல், மனமார்ந்த நன்றி. ஏ1 நிலையில் ‘ப்ளேர்’ கொடுக்கத் தயங்கினேன். ‘ஸா ம ப்ளே’ என்ற ஒரே வடிவத்தை மட்டும் ஒரு சொல்லாகவே கொடுத்துவிடலாம் என்று இப்போது தோன்றுகிறது. கேள்வி வடிவமும் சேர்த்து, ‘ஸா த ப்ளே?’

அடுத்து, ‘நீ நாளைக்கு வந்தால் எனக்கு வசதி’ மாதிரி, இன்னொருவர் செய்வதைப் பற்றிய விருப்பம். அது ஏ1-ல் வேண்டாம்தான். ஆனால் மாணவர்கள் விடுவதில்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

நெடுஞ்சாலை:

செய்பவர் ஒரே ஆளா, இரண்டு ஆளா என்று கேளுங்கள். நானே வருவதென்றால் ‘ஜ ப்ரெஃபேர் வனீர் தமான்’. நீ வர வேண்டும் என்றால் ‘க’ போட்டு சப்ஜங்டிவ், அதாவது விருப்பம் போன்றவற்றுக்குப் பின்னால் வரும் தனி வினை வடிவம்: ‘ஜ ப்ரெஃபேர் க த்யூ வியென் தமான்’. ‘ஜ வூத்ரே க’, ‘ஜெம்ரே க’ எல்லாவற்றுக்கும் இதே சட்டம். ஆங்கில அமைப்பை அப்படியே கொண்டுவந்து ‘உன்னை வர’ என்று கட்டினால் பிரெஞ்சில் வாக்கியமே ஆகாது.

பயப்பட வேண்டாம், ஒரு குறுக்குவழி இருக்கிறது. ‘ஏ’ ஒலியில் முடியும் முதல் வகை வினைகளில் நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நால்வருக்கும் சப்ஜங்டிவ் ஒலி சாதாரண நிகழ்காலம் மாதிரியேதான். ‘த்யூ ரெஸ்த்’ என்றால் நீ இருக்கிறாய். ‘ஜ ப்ரெஃபேர் க த்யூ ரெஸ்த்’ என்றால் நீ இருப்பதே எனக்கு நல்லது. மாற்றமே இல்லை. ரெஸ்தே, பார்லே, மான்ஜே மாதிரி வினைகளை வைத்து இந்த வாக்கியத்தைப் பழக்குங்கள். சப்ஜங்டிவ் என்ற பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

லியோன்_வாசி:

தொனியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘ஜ வோ’ என்றால் எனக்கு வேண்டும். பெரியவர்கள், தெரியாதவர்கள், வேலையிடம் எங்கேயும் இது முரட்டுத்தனமாகக் கேட்கும். ‘ஜ வூத்ரே’ அல்லது ‘ஜெம்ரே’ என்று கண்டிஷனலில், அதாவது ‘கிடைத்தால் நன்றாயிருக்கும்’ என்பது போன்ற வினை வடிவத்தில் சொன்னால் இதமாக இருக்கும். அதே வினையோடு ‘பியான்’ சேர்ந்து ‘ஜ வோ பியான்’ என்றால் கதையே வேறு. யாராவது ஏதாவது கொடுக்க வரும்போது ‘சரி, கொடுங்கள்’ என்று ஏற்றுக்கொள்கிற பணிவான பதில் அது.

எனக்கு எதுவானாலும் சரி என்பதற்குப் புத்தகங்களில் ‘ஸா மெத்தேகால்’ இருக்கும். சரியான வாக்கியம்தான். ஆனால் குரல் கொஞ்சம் தட்டையாக வந்தால் ‘எனக்கென்ன வந்தது’ என்று கேட்டுவிடும். நண்பர் அன்போடு கேட்கிற இடத்தில் ‘கொம் த்யூ வோ’, உன் இஷ்டம் என்பது பத்திரம்.

புது_மாணவன்:

‘ப்ரெஃபெரே’யைக் கண்டிஷனலில் ‘ஜ ப்ரெஃபெர்ரே’ என்று எழுதும்போது மேல்குறி எந்தப் பக்கம்? இரண்டு புத்தகத்தில் இரண்டு விதமாக இருக்கிறது.

இலக்கணப்பிரியை:

இரண்டும் சரி. பழைய எழுத்தில் இரண்டாவது ‘எ’யின் மேல் வலப்பக்கம் ஏறும் குறி. 1990-ல் வந்த எழுத்துச் சீர்திருத்தப்படி இடப்பக்கம் ஏறும் குறி. உச்சரிப்பு திறந்த ‘எ’ என்பதால் புதிய எழுத்து ஒலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பழையதும் செல்லும். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

நிகழ்காலத்தில் இந்த மாதிரி விருப்பம் போல எழுத முடியாது. ‘ஜ ப்ரெஃபேர்’ என்றால் இடப்பக்கக் குறி, ‘நூ ப்ரெஃபெரோன்’ என்றால் வலப்பக்கக் குறி. நாம், நீங்கள் இரண்டைத் தவிர மற்ற எல்லாருக்கும் இடப்பக்கம்.

வகுப்பறை_வாணி:

கடைசியாக ஒரு சந்தேகம். ‘ப்ரெஃபெரே’ வந்தால் ‘ல’தான் என்று ஆரம்பத்தில் சொன்னோம். ஆனால் உபசரிக்கும் இடத்தில் ‘ஜ ப்ரெஃபெர்ரே த்யூ தே’ என்று பிரெஞ்சுக்காரர்களே சொல்கிறார்களே?

நெடுஞ்சாலை:

சொல்வார்கள், சரியும்கூட. நான் ‘பெரும்பாலும்’ என்று போட்டதற்குக் காரணமே இதுதான். என் முதல் கேள்வியையே திரும்பக் கேளுங்கள். அங்கே அவர் தேநீர் என்கிற வகையைப் பற்றித் தீர்ப்பு சொல்லவில்லை, இப்போது கொஞ்சம் தேநீர் கொடுத்தால் நல்லது என்கிறார். அளவு. அதனால் ‘த்யூ தே’, அல்லது ஒரு கோப்பை என்ற அர்த்தத்தில் ‘அன் தே’. பொதுவான ரசனை என்றால் ‘ஜ ப்ரெஃபேர் ல தே’. கண்டிஷனல் வந்தாலே பேச்சு பெரும்பாலும் இந்த நேரத்துத் தேவைக்கு மாறிவிடும், அப்போது ‘த்யூ’வும் கூடவே வரும். ‘ப்ரெஃபெரே என்றால் ல’ என்று சட்டமாக எழுதிப் போடாதீர்கள் வாணி, அந்தக் கேள்வியை மட்டும் எழுதிப் போடுங்கள்.

வகுப்பறை_வாணி:

சரி, பலகையில் அதுவே இருக்கட்டும். திங்கள்கிழமை வகுப்பில் ‘ஜெம் ல தே’, ‘ஜ ப்ரெஃபெர்ரே த்யூ தே’ இரண்டையும் ஒரே உரையாடலுக்குள் வைத்துப் பேசவிடுகிறேன். எப்படிப் போனது என்று இங்கேயே எழுதுகிறேன்.